பத்துச் சீட்டும் ஒரு பென்சிலும்

எனக்கு முன்னால் என் முட்டிகள் ஓய்வு பெற்றுவிட்டன. வலது முட்டி 2010-லேயே போய்விட்டது. இடது கொஞ்சம் விசுவாசமானது, இன்னும் ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு வந்தது. மிச்சம் இருந்த உடம்பை இந்த 2012-இல் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். வயது ஐம்பத்து மூன்று. ஒப்பந்த வேலை என்பதால் அலுவலகத் தாளில் 'திட்டம் நிறைவுற்றது' என்றுதான் எழுதியிருந்தார்கள். மாலை நிஜமான மாலை, சம்பங்கி. அதனால் நான் ஓய்வு என்றே வைத்துக்கொண்டேன்.

என்ன வேலை என்று கேட்டால் என் மாமியாருக்கே இன்றுவரை விளங்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு மாடியில் மூன்று அறைகளில் ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. தேர்தல் முடிந்து, தலைவர்கள் தூங்கப் போனபிறகு, நாங்கள் கிளம்புவோம். கடலூர் ஜில்லாவில் வீடு வீடாகப் போய், பூத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், அதிகாரி மரியாதையாகப் பேசினாரா, யார் சொல்லி ஓட்டுப் போட்டீர்கள், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்போம். பதவியின் பெயர் கள ஆய்வாளர். ஊர்களில் எனக்கு வேறு பெயர்கள் இருந்தன: ரேஷன் கார்டு சார், சென்சஸ், ஒரே ஓர் ஊரில் கொசு மருந்து.

வழியனுப்பு விழாவில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், எல்லாத்தையும் இப்ப போன்லயே கேட்டுடறோம். நீங்க எதுக்கு சார் அவ்ளோ தூரம் போனீங்க?" வீட்டில் ஃபேன் ஓடவில்லை, அதனால் என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, ஜிலேபியை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அது பதிலே இல்லை. பதில் கொஞ்சம் நீளம். அதில் நான் தண்ணீரில் விழுகிறேன்.

2004-இல் சேர்ந்தேன். அதற்கு முன் டுட்டோரியல் காலேஜில் வரலாறு நடத்தி, மாணவர்களை வரலாற்றை வெறுக்க வைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி இரண்டே நாள். முதல் நாள் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் வாயை மூடக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவது எனக்குச் சரியாக ஏறவில்லை.

கற்றுக்கொடுத்தவர் எஸ்தர் மேடம். திட்டத்தின் தலைவர். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தைய நாள் நாங்கள் கொண்டுவந்த கேள்விப் படிவங்களைப் படித்துக்கொண்டே வருவார். ஒருநாளும் குரல் உயர்ந்ததில்லை. நாங்கள் எதையாவது மழுப்பினால், "ம், அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அந்த 'அப்புறம்' கேட்ட பிறகு மழுப்பியவன் தானாகவே உண்மையைச் சொல்லி, கூடுதலாக இரண்டு பழைய தப்பையும் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பான். கோபம் ஜாஸ்தியானால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார்.

முறை இதுதான். ஒரு பூத்தின் வாக்காளர் பட்டியலை எடுத்து, மொத்தப் பெயர்களைப் பத்தால் வகுக்க வேண்டும். எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். அங்கிருந்து அந்த இடைவெளியில் ஒவ்வொரு பெயராகப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர்தான். அவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு ஆசையாக நாற்காலி போட்டாலும் உட்காரக் கூடாது. மூன்று தடவை தேடிப் போகணும். வடலூரில் ஒருவரை மூன்று தடவை தேடினேன். மூன்று தடவையும் அவர் சபைக்குப் போயிருந்தார். மூன்று தடவையும் நானும் போய் அங்கே அன்னதானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அவரைக் கடைசிவரை பார்க்கவில்லை. அவர் எனக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

பஸ்ஸில் அந்தப் பட்டியலைப் படிப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நேரம். பெயர், அப்பா பெயர் அல்லது புருஷன் பெயர், வீட்டு எண், வயது. கதை ஒன்றும் கிடையாது. ஆனாலும் புவனகிரி தாண்டி வெயில் வெளுக்கும்போது, கண் பாதி மூடியிருக்கும்போது, அந்தப் பெயர்கள் வரிசையாக எழுந்து நடக்கும். ஒரே வீட்டு எண்ணில் பதினோரு பேர். எண்பத்து நான்கு வயது கிருஷ்ணவேணி, அவருக்குக் கீழேயே பத்தொன்பது வயது கிருஷ்ணவேணி. செத்துப்போய் ஆறு வருஷமான ஒருவர் பட்டியலில் மட்டும் ஒவ்வொரு வருஷமும் ஒரு வயது கூடிக்கொண்டே வருவார். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனதெல்லாம் இவர்களால்தான்.

இனி பெட்டி. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பதை மட்டும் நாங்கள் வாயால் கேட்கக் கூடாது. சின்னங்கள் அச்சடித்த ஒரு மாதிரிச் சீட்டும் பேனாவும் கொடுப்போம். அவர் மறைவாகப் போய், தான் போட்ட சின்னத்தில் ஒரு டிக் அடித்து, மடித்து, நாங்கள் கையில் வைத்திருக்கும் தகரப் பெட்டியின் கீறல் வழியாகப் போட வேண்டும். பெட்டி என்றால் பிஸ்கட் டின்தான். மூடியைச் சுற்றிப் பிரவுன் டேப், டேப்பின்மேல் மேடத்தின் கையெழுத்து. மேடம் மட்டும்தான் பிரிக்கலாம். சீட்டில் பேர் இல்லை, எண் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. "அவங்க சொல்றத நம்மாலயே கண்டுபிடிக்க முடியாதுன்னாதான் அவங்க சொல்வாங்க" என்பார் மேடம்.

2006-இல் குடிகாடு போனேன். ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்து ஊர். அழுகிய முட்டையும் பெயிண்டும் கலந்த ஒரு வாசனை நடுமதியத்தில் மெல்ல நகர்ந்து வந்து, நம் சட்டைக்குள் குடியேறி, நம்மோடு பஸ் ஏறி வீடுவரை வரும். பத்துப் பேரிடமும் பேசி முடித்துப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மேடம் பிரித்தார். ஒன்பது சீட்டு.

"கோதண்டம், ஒன்னு குறையுது."

"இருக்காது மேடம்."

"ம், அப்புறம்?"

இரண்டு பழைய தப்பைச் சொன்னேன். சீட்டு வரவில்லை. மூக்குக்கண்ணாடியை நான்கு தடவை துடைத்துவிட்டு, "போய்த் தேடிப் பாருங்க" என்றார். மறுபடி அதே வாசனைக்குள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எட்டாவது வீட்டுப் பெரியவர் ரேஷன் கார்டுக்குள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "கெவுர்மெண்டு சீட்டாச்சே, இத்தக் காட்டுனா எதுனா குடுப்பாங்கன்னு வச்சிகினேன் சார்" என்றார். மடித்த வெறுங்கையைத்தான் பெட்டிக்குள் விட்டிருக்கிறார். நான் 'நன்றி' வேறு சொல்லியிருக்கிறேன்.

அந்த அலைச்சலில் என் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. சாதாரணமாக எனக்கு யோசனை உதிக்காது, அதனால் அதை மிகவும் மதித்தேன். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும், மூலையில், பென்சிலால் கடுகு அளவுக்கு ஓர் எண் போட்டுவிட்டால்? படிவத்தில் ஒன்று என்றால் சீட்டிலும் ஒன்று. குறைந்தால் எந்த வீடு என்று உடனே தெரிந்துவிடும். பத்து வீடு ஏற வேண்டாம். மேடத்திடம் கேட்டிருக்கலாம். நல்ல யோசனையைப் போய்க் கேட்டுக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

2009 தேர்தலுக்கு அப்படித்தான் போனேன். ஓட்டு எண்ணி முடித்து இரண்டு வாரம். ஐந்து பூத் முடித்தாயிற்று. எல்லாச் சீட்டிலும் என் கடுகு எண்கள். ஆறாவது பூத், கிள்ளைக்குக் கிழக்கே, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். பஸ்ஸை விட்டு இறங்கிப் படகில் போக வேண்டும். இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள் தண்ணீரில் வேர்களை ஊன்றி, ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் மாதிரி நின்றன. துடுப்புச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஒரு கொக்கு பறந்தது. அதன் நிழல் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. மடியில் டின்னை வைத்துக்கொண்டு, இந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று நினைத்தேன். இப்படி நான் எப்போதெல்லாம் நினைக்கிறேனோ, அடுத்த மூன்று மணி நேரத்தில் ஏதாவது ஒன்று நடக்கும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தேர்தலுக்கு முன் ஊர் கூடும், பேசும், ஒரு சின்னத்தைச் சொல்லும். அதற்கப்புறம் எல்லோர் ஓட்டும் அதற்குத்தான். சண்டை வேண்டாம், பேரம் பேசவும் பலம் இருக்கும் என்பது அவர்கள் நியாயம். அந்தத் தடவை படகுத்துறை கட்டித் தருகிறோம் என்று அந்தச் சின்னத்து வேட்பாளர் தரப்பில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பழைய காலத்தில் ஓட்டுச் சீட்டுகளைக் கலந்து எண்ணுவார்கள், எந்த ஊர் எப்படிப் போட்டது என்று தெரியாது. இப்போது மெஷின். பூத் வாரியாகக் கணக்கு வந்துவிடும். அந்தக் குப்பத்துப் பூத்தில் பதினேழு ஓட்டு வேறு பக்கம் போயிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பாட்டுக்குப் பட்டியலைப் பார்த்து வீடு வீடாகப் போனேன். ஏழாவது பெயர் பூங்காவனம், வயது நாற்பத்தாறு. கரையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் வைத்துச் சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பவர். புருஷன் இல்லை. கொழுந்தனார் வாசலில் வலை பின்னிக்கொண்டு, ஒரு காதை எங்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"யார் சொல்லி ஓட்டுப் போட்டீங்க அக்கா? நீங்களே முடிவு பண்ணதா?"

"ஊரு சொன்னதுதான்" என்றார், வாசலுக்குக் கேட்கும்படி.

படித்தவர்கள் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார்கள் என்று வழக்கம்போல் சொல்லிச் சீட்டைக் கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த ஒரு பழைய படகு மறைவுக்குப் போனார். நேரம் ஆனது. மற்றவர்கள் எல்லாம் போன வேகத்தில் வந்தார்கள். இவர் வரவேயில்லை. எட்டிப் பார்க்கக் கூடாது என்பது விதி. ஒரு கோழி எட்டிப் பார்த்தது. கடைசியில் வந்தார். சீட்டு வெற்றிலைப் பாக்கு அளவுக்கு மடிந்திருந்தது. கீறலில் வைத்தார், ஆனால் விரலை எடுக்கவில்லை.

"இது யாருக்கும் தெரியாதில்ல?" மெதுவான குரல்.

"சத்தியமா தெரியாதுக்கா."

விரலை எடுத்தார். சீட்டு உள்ளே விழுந்தது. அதன் முதுகில் என் கையெழுத்தில் ஏழு.

பத்தையும் முடித்துத் துறைக்கு வந்தால், அங்கே ஊர்த் தலைவர் நின்றிருந்தார். கூட நான்கு பேர். தலைவர் பெயர் மாசிலாமணி. அறுபது வயது, வெள்ளை மீசை, மரியாதையான மனுஷன். காலையில் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர்.

"சார், அந்தப் பொட்டிய கொஞ்சம் தொறக்கணுமே."

"அது முடியாதுங்களே தலைவரே. சீல் வச்சது."

"எது, அந்த டேப்பா?"

"மேடம் கையெழுத்து இருக்குங்க."

"கையெழுத்து இல்லாத பக்கமா தொறப்போம்." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சார், ஊரு பேசி ஒரு வார்த்த குடுத்துச்சி. இப்ப அந்தாளுங்க டீக்கடையில வச்சி எங்கிட்ட கேக்குறாங்க, இன்னா தலைவரே, உன் ஊரு உன் பேச்சக் கேக்கலியான்னு. படகுத்துறை இனிமே வருமா? யாருன்னு எனக்கு வேணாம். பத்து சீட்டுல எத்தினி அந்தப் பக்கம்னு பாத்துக்கறேன். அவ்ளோதான்."

அவர் நேர்மையாகத்தான் கேட்டார். சீட்டில் பேர் கிடையாது என்று நானே காலையில் பத்து வீட்டிலும் விளக்கியிருந்தேன். அவருக்கும் விளக்கியிருந்தேன். ஆனால் சீட்டுக்குப் பின்னால் எண் இருந்தது, என் பையில் எண்ணும் பேரும் சேர்ந்த படிவம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

பக்கத்திலிருந்த ஒருவரிடம், விளையாட்டாகக் கேட்பதுபோல், "கண்டுபிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"தள்ளி வப்போம். கரையில ஏலத்துல நிக்கக் கூடாது" என்றார், மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

ஏலத்தில் நிற்காமல் பூங்காவனம் எதை விற்பார்? படகு மறைவில் அவர் நின்ற நேரம் ஞாபகம் வந்தது. ஊர் சொன்ன சின்னத்தில் டிக் அடிக்க அவ்வளவு நேரம் எதற்கு?

இந்த இடத்தில் வேறொருவர் எழுதினால் தைரியமாக ஒரு வசனம் வரும். நான் சொன்னது, "எனக்கு அவசரமா ஒன்னுக்கு வருது." அவர்கள் ஒரு மரத்தைக் காட்டினார்கள். டின்னோடு போய் டின்னோடு திரும்பினேன். மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்கிறேன் என்றேன். டவர் கிடைக்கவில்லை. கிடைத்த மாதிரி, "ஹலோ மேடம், ஆமா மேடம்" என்று பேசினேன். "சார், போன தலைகீழா வச்சிகினு பேசறீங்க" என்றார் படகுக்காரர். அவர் தலைவருக்கு மருமகன் முறை. "மாமா, பாவம் சார் பயப்படறாரு, உட்ருங்க மாமா" என்றார். "பயப்படறதுக்கு இன்னாடா இருக்குது? பிஸ்கட் டின்னுடா அது" என்றார் தலைவர்.

பேச்சோடு பேச்சாகப் படகில் ஏறிவிட்டேன். தலைவரும் தண்ணீரில் இறங்கி வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சார், குடுங்க." நான் எழுந்து நின்றேன். டின்னைத் தலைக்கு மேலே தூக்கினேன். ஓடத்தில் எழுந்து நிற்கக் கூடாது என்று அந்த ஊரில் தவழும் குழந்தைக்குத் தெரியும். நான் சிதம்பரத்துக்காரன்.

பெட்டியைக் காப்பாற்ற நான் தண்ணீரில் குதித்ததாகத்தான் ஆபீஸில் மூன்று வருஷமாகச் சொல்லி வந்தேன். மாலை கழுத்தில் விழுந்தபோதுகூட யாரோ அதைத்தான் மைக்கில் பாராட்டினார்கள். இப்போது சொல்லிவிடுகிறேன். குதிக்கவில்லை. கால் வழுக்கியது.

தண்ணீருக்குள் எல்லாம் பச்சையாக, அமைதியாக இருந்தது. சத்தமே இல்லை. இவ்வளவு அமைதியான இடத்தில் ஒரு பூத் போட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு தலை மேலே வந்தது. வாய் தானாகத் திறந்து, "காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று கத்தியது.

"எந்திரிச்சி நில்லுய்யா! இடுப்பளவுதான்!" என்றார் தலைவர்.

நின்றேன். இடுப்பளவுதான்.

டின் மெதுவாகக் கீறல் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்தது. தலைவரே குனிந்து எடுத்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். களக் களக் என்றது. "மீன் கொழம்பாயிருக்கும்" என்றார். அவர் முகத்திலிருந்த ஏதோ இறங்கிப் போனது. அவர் ஊரின் துறையில் வெளியாள் ஒருவன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அவருக்கு அதுதான் இப்போது பெரிய கேவலம். கைலி வந்தது, துண்டு வந்தது, சூடாக டீ வந்தது. பெட்டியை அவரே என் மடியில் வைத்தார். "வந்த ஆளத் தண்ணியில தள்ளிட்டோம்னு சொல்லிடாதய்யா."

பிளாஸ்டிக் பைக்குள் இருந்த படிவங்கள் நனையவில்லை. கிள்ளையிலிருந்து சிதம்பரம்வரை, யாரோ ஒருவருடைய நீலக் கைலியில், மடியில் டின்னோடு வந்தேன். பஸ் திரும்பும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போனது. பத்துப் பேருடைய ரகசியமும் சின்ன அலையாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் தண்ணீர் நின்றமாதிரி மினுமினுத்தது. வெறும் வெயில்தான். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். தூக்கம்கூட வந்தது.

மேடம் என் கைலியைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அப்போதே 'குதித்தேன்' என்றுதான் சொன்னேன். டேப்பைப் பிரித்தார். தண்ணீரை ஒரு பக்கெட்டில் வடித்தார். மேஜையில் பேப்பர் விரித்து, பத்துச் சீட்டையும் ஒவ்வொன்றாக, கிழியாமல், மடிப்புப் பிரித்துப் பரப்பினார். நான் கொடுத்தது ஜெல் பேனா. டிக் எதுவும் இல்லை. அச்சடித்த சின்னங்கள் அப்படியே இருக்க, அவற்றின்மேல் நீலமாக மேகம் மாதிரி ஒன்று பரவியிருந்தது. பத்துச் சீட்டிலும் பத்து வானம். பார்க்க அழகாகக்கூட இருந்தது.

மேடம் ஒரு சீட்டைக் காய வைப்பதற்காகத் திருப்பிப் போட்டார். கை நின்றது.

பென்சில் தண்ணீரில் அழியாது. இதை நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும்.

"இது என்ன கோதண்டம்?"

"ஏழு மேடம்."

"ஏழுன்னு தெரியுது."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற ஒன்பதையும் திருப்பினார். ஒன்று, நான்கு, பத்து, மூன்று. அவர்கள் எழுதியதெல்லாம் போய், நான் எழுதியது மட்டும் தெளிவாக இருந்தது.

"எப்ப எழுதினீங்க?"

"குடுக்கறதுக்கு முன்னாடி மேடம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன்." பிறகு அவசரமாக, "நான் பாக்கல மேடம். பாக்கணும்னு நெனைக்கவும் இல்ல. குடிகாட்டுல ஒன்னு குறைஞ்சதில்ல, அதான், மறுபடி குறைஞ்சா..."

"குறைஞ்சா குறைஞ்சதுன்னு எழுதியிருப்பேன்." கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. "அன்னிக்கு உங்களத் தேடிட்டு வாங்கன்னு அனுப்பினது என் தப்பு. தேடி எடுத்த சீட்டு ரகசியச் சீட்டா என்ன? அதையும் எழுதணும்." சொன்னவர் பதிவேட்டை எடுத்து, தன் தப்பை முதலில் எழுதினார். அடுத்து என்னுடையதை. இரண்டும் ஒரே நீளம்தான் இருந்தன.

என் ஆறு பூத்தும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன. ஐந்து பெட்டியைத் திறக்கவேயில்லை. அப்படியே பின்புறத்தில் வைத்து எரித்தோம். வேலை போய்விடும் என்று நினைத்து, மனதுக்குள் டுட்டோரியல் காலேஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மேடம் சொன்னது அதைவிட மோசம்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"யாருகிட்ட மேடம்?"

"அறுபது பேர்கிட்டயும். தனித்தனியா."

"மேடம், யாருக்கும் தெரியாது. நான் போய்ச் சொன்னாதான் தெரியும்."

"அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

போனேன். அறுபது வீடு. நாற்பது பேருக்கு நான் யாரென்றே ஞாபகமில்லை. கொசு மருந்து என்று நினைத்து உள்ளே கூப்பிட்டார்கள். சிலர் "அதனால இன்னா சார்" என்றார்கள். ஒருவர் மட்டும் கதவைச் சாத்தினார். அவர் செய்ததுதான் சரி என்று எனக்குப் பட்டது. மாசிலாமணித் தலைவரிடம் கைலியைத் துவைத்து மடித்துக் கொடுத்து, "அன்னைக்கி தொறந்திருந்தா யாருன்னே தெரிஞ்சிருக்கும் தலைவரே. தப்பு என்மேல" என்றேன். அவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். "நல்ல காலம், தொறக்கல" என்றார் கடைசியில். "தெரிஞ்சிருந்தா நான் எதுனா செஞ்சிதான் ஆவணும்."

பூங்காவனத்தை மட்டும் ஊரில் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கொழுந்தனாரின் காது அங்கேயேதான் இருந்தது. சிதம்பரம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து கெழங்கா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். குனிந்து, மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னேன். எண் போட்டது, சத்தியம் செய்தது, தண்ணீர், எல்லாம்.

செதில் எடுக்கும் கை நிற்கவில்லை. "நீ பாத்தியா?"

"இல்லக்கா. மை அழிஞ்சிபோச்சி. யாரும் பாக்கல. இனிமே பாக்கவும் முடியாது. உங்களுக்கு ஒன்னும் ஆகாது."

இப்போது கை நின்றது.

"ஒன்னுமே தெரியலியா?"

"இல்ல."

"அப்ப அது எங்கியும் இல்ல."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து வந்திருந்தேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மெஷின்ல அமுக்கசொல்ல கூட எனக்கு அவ்ளோ நேரம் ஆவல. அடுத்த ஆளு பேரக் கூப்புடறதுக்குள்ள அமுக்கிட்டு வந்துட்டேன். உன் சீட்டுலதான் நின்னு யோசிச்சேன். படிச்சவங்க யாரோ பாப்பாங்க, பொஸ்தகத்துல எழுதுவாங்கன்னு சொன்னியே. பேரு வேணாம். அங்க ஒருத்தி இப்பிடி நெனச்சான்னு எழுதுனா போதும்னு இருந்துச்சி."

"மன்னிச்சிருங்கக்கா."

"இப்ப சொன்னா எழுதிக்குவியா?"

சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதை நோக்கிப் போனது. "எழுத முடியாதுக்கா. அந்தப் பூத்தையே எடுத்துட்டாங்க. வாயால கேக்கவும் கூடாது."

"நீ கேக்கல. நான் சொல்றேன்."

ஒரு வாடிக்கையாளர் அம்மா பையோடு வந்து நின்றார். பூங்காவனம் அவரை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, யாருக்குப் போட்டார் என்று சொன்னார். ஏன் என்றும் சொன்னார். காரணம் மூன்றே வாக்கியம். எட்டு வருஷம் நான் எழுதிக் குவித்த படிவங்களில் அப்படி ஒரு காரணம் இல்லை. பிறகு நிமிர்ந்து, "இன்னாம்மா, வவ்வா மீனு பாக்குறியா?" என்று அந்த அம்மாவிடம் திரும்பிவிட்டார்.

அறிக்கை அச்சாகி வந்தபோது அந்தக் குப்பம் அதில் இல்லை. என் மனைவி இன்றும் கேட்கிறாள், அந்தம்மா யாருக்குத்தான் போட்டாங்க என்று. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். அவளுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. மார்க்கெட்டிலிருந்து வெளியே வந்து, வெயிலில், பேனாவை எடுக்காமலேயே பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன். ஒரு வார்த்தைகூடச் சிந்திவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் நடந்தேன்.